டிரையர் வாங்கும் முன் சுவருக்குள் ஒரு கணக்கு

ஜூன் மாதம் பாதி கடந்துவிட்டால் மும்பையில் எங்கள் கிளைகளின் நுகர்பொருள் கடன் மேசைக்கு வரும் விண்ணப்பங்களின் தன்மை மாறிவிடுகிறது. மே முடியும்வரை ஏ.சி.க்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் வந்தவர்கள், அதன்பின் துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலைப்புள்ளியோடு வருகிறார்கள். இதில் வியப்பில்லை. சாந்தாகுரூஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்யும் சராசரி மழை 2,200 மில்லிமீட்டருக்கும் அதிகம். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். பால்கனியைக் கண்ணாடி இட்டு அடைத்து அறையாக்கிக்கொண்ட மாநகரில் ஈரத்துணிக்கு எஞ்சியிருப்பது படுக்கையறைக் கொடியும் மின்விசிறியும் மட்டுமே. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ இருப்பின், டிரையர் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல இயலாது.

அந்த விலைப்புள்ளியில் இயந்திரத்தின் விலை இருக்கும், ஜி.எஸ்.டி. இருக்கும், நீட்டித்த உத்தரவாதத்திற்கான தொகையும் இருக்கும். மீட்டரிலிருந்து அந்த இயந்திரம் நிற்கப்போகும் மூலைவரை செல்ல வேண்டிய கம்பியின் விலை மட்டும் இருப்பதில்லை. விடுபட்டுப்போகும் அந்த ஒரு வரியைப் பற்றியதே இக்கட்டுரை.

வணிகவியல் படித்த நாங்கள் மின்சாரத்தைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் எங்கள் வீட்டு அனுபவம். செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககம் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், தாயாரின் உடல்நலக் குறைவால் அன்றாடம் துவைக்கும் துணி பெருகவே, ஒரு டிரையர் வாங்கினோம். கொண்டுவந்து வைத்தவர் பால்கனியில் வாஷிங் மெஷினுக்கு இருந்த சாக்கெட்டைப் பார்த்தார். அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகி இரண்டு இயந்திரங்களையும் இணைத்தார். ஓட்டிக் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு சென்றார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பால்கனிப் பக்கமிருந்து மீன் வாடைபோல் ஒரு நாற்றம் வந்தது. பக்கத்து வீட்டுச் சமையல் என்று எண்ணிச் சன்னலைச் சாத்தினோம். மறுநாளும் அதே நாற்றம். பிளக்கைக் கழற்ற முயன்றபோது அது கழலவில்லை. சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. நல்லவேளையாக அப்போது மெயின் சுவிட்சை அணைத்திருந்தோம்.

மறுநாள் வந்த வயர்மேன் தாராவியில் வசிக்கும் திருநெல்வேலிக்காரர். பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. தாங்க முடியாத எடத்துல சுமைய ஏத்தி வச்சிருக்கீங்க" என்றார். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். விரித்துச் சொன்னால் அது பின்வருமாறு.

ஆம்பியர் கணக்கு

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். எந்தக் கருவியின் வாட் அளவையும் 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். சூடேற்றும் கம்பி கொண்ட டிரையர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 2,700 வாட் வரை எடுப்பவை. 2,500 வாட் என்று வைத்துக்கொண்டால் 11 ஆம்பியருக்குச் சற்றே குறைவு. 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் வாஷிங் மெஷினின் ஹீட்டரும் அதே அளவினதாக இருப்பதுண்டு. எங்கள் பால்கனியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியபோது, 16 ஆம்பியருக்கென அமைந்த சாக்கெட்டின் வழியே ஏறத்தாழ 20 ஆம்பியர் சென்றிருக்கிறது.

இங்கே பலர், "எங்கள் வீட்டில் கீசர் பல ஆண்டுகளாக ஓடுகிறதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பர். கீசர் கால்மணி நேரத்தில் தண்ணீரைக் காய்ச்சிவிட்டுத் தானே நின்றுகொள்ளும். இஸ்திரிப் பெட்டியும் நொடிக்கொரு தரம் அணைந்து எரிவது. கம்பிக்கும் சாக்கெட்டுக்கும் ஆறுவதற்கு இடைவேளை கிடைக்கிறது. டிரையரோ ஒரு சுற்றுக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம்வரை பெரும்பாலும் முழுச் சுமையிலேயே ஓடும்; மழைக்காலத்தில் ஒரு சுற்று முடிந்தவுடன் அடுத்தது தொடங்கும். அதே 11 ஆம்பியர்தான் என்றாலும் அது தங்கியிருக்கும் நேரம் வேறு. வங்கி மொழியில் கூறினால், ஒருநாள் மட்டும் எடுத்துத் திருப்பிக் கட்டும் மிகைப்பற்றும், ஆண்டு முழுவதும் தீராமல் நிற்கும் மிகைப்பற்றும் ஒன்றாகா.

கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். மீட்டரிலிருந்து பால்கனி 15 மீட்டர் எனில், போக வர 30 மீட்டருக்கு 0.36 ஓம். 11 ஆம்பியர் செல்லும்போது அக்கம்பி முழுவதிலும் சேர்ந்து 44 வாட் வெப்பம் எழுகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் அது ஏறத்தாழ 17 வாட்டாகக் குறைந்துவிடும். 44 வாட் என்பது 30 மீட்டர் நீளத்தில் பரவிக் கிடக்கும்வரை பேராபத்து அன்று. பிற கம்பிகளும் நெருங்கியிருக்கும் குழாய்க்குள் காப்புறை விரைவில் முதுமையடையும் என்பதே அதன் தீங்கு.

உண்மையான அபாயம் இணைப்பிடத்தில் இருக்கிறது. சாக்கெட்டின் திருகு சற்றே தளர்ந்து, அல்லது உட்பக்கப் பித்தளைத் தகடு விரிந்து, அவ்விடத்தில் அரை ஓம் தடை தோன்றிவிட்டதெனக் கொள்வோம். 11 ஆம்பியரின் வர்க்கம் 121. அதில் பாதி 60 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் கருவி 25 முதல் 60 வாட் வரையிலானது. அதாவது, ஈயம் உருக்கும் கோல் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, இரண்டு மணி நேரம் எரியவிட்டு, நாம் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கிறோம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. இந்நிலையில் எம்.சி.பி. விழாது. அது கண்காணிப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும்தான். தளர்ந்த இணைப்பின் வழியே செல்வதும் இயல்பான 11 ஆம்பியரே. ஆதலால் அது எல்லாம் சரி என்றே கருதும். "எம்.சி.பி. இருக்கிறது, அதனால் பயமில்லை" என்று எங்களிடம் கூறிய வாடிக்கையாளர் பலர். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

மாட்டுங்காவின் பழைய சுவர்கள்

எங்கள் செம்பூர் வீடாவது முப்பது ஆண்டுப் பழமையுடையது. மாட்டுங்கா வாசகர்கள் பலரின் கட்டடங்கள் அதனினும் மூத்தவை. 1896இல் தோன்றிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்கவென 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதிகளை மனைகளாகப் பிரித்தது. தென்னிந்தியக் குடும்பங்கள் திரளாகக் குடியேறிய அந்த மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களில் பல இன்றும் உறுதியாகவே நிற்கின்றன. மின்சாரம் அளித்தது இன்றைய பெஸ்ட் நிறுவனத்தின் முன்னோடியான தனியார் கம்பெனி. 1907இல் மின் டிராமை ஓட்டத் தொடங்கிய அக்கம்பெனியை 1947 ஆகஸ்டில் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் ஒரு வீட்டிற்கு வேண்டியிருந்தது நாலைந்து விளக்கும் இரண்டு விசிறியும். பின்னர் ஒரு ரேடியோ. அதற்கேற்ற கம்பியையே இட்டனர். தேக்குச் சட்டத்தின் மேல் தகரக் கிளிப்பால் பிடித்த ரப்பர் உறைக் கம்பிகளை இன்றும் சில மாடிப்படிகளில் காணலாம். தொட்டால் ரப்பர் பொடியாக உதிரும். 1960களிலிருந்து செம்புத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கம்பி பரவலாயிற்று. அலுமினியம் தன்னளவில் கெட்டதன்று. நமது தெருக்களின் பெரும் கேபிள்கள் பலவும் அலுமினியமே. ஆனால் மெல்லிய வீட்டுக்கம்பியாக, சிறு திருகின் கீழ் இறுக்கினால் அது நாளடைவில் நசுங்கித் தளரும். காற்றுபட்டு அதன்மேல் படரும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். செம்போடு முறுக்கிச் சேர்த்தாலோ கடற்காற்றின் ஈரத்தில் அரிக்கும். மேலே கண்ட அரை ஓம் தடை இப்படித்தான் பிறக்கிறது. சமையலறையைப் புதுப்பித்தபோது அலுமினியக் கம்பியின் முனையில் புதிய செம்புக் கம்பியை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிட்ட வீடுகள் ஒன்றிரண்டல்ல.

இன்னொரு குறை எர்த். மூன்றுமுனைச் சாக்கெட் இருந்தாலே எர்த் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். பழைய கட்டடங்களில் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமலிருப்பதுண்டு. அதனினும் கேடாக, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை இழுத்து எர்த்தில் கட்டியிருப்பதுண்டு. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் அவ்வளவில் இயந்திரத்தின் இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். ஈரத்துணியும் ஈரத்தரையும் உள்ள இடத்தில் நிற்கும் இயந்திரத்திற்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

என்ன செய்ய வேண்டும்

வீடு முழுவதும் கம்பி மாற்ற இயலுமாயின் நன்று. இயலாவிடில், டிரையருக்கு மட்டுமாவது தனி வழி வேண்டும். வீட்டின் விநியோகப் பெட்டியிலிருந்து இடையில் எங்கும் கிளை பிரியாமல், ஒட்டுப்போடாமல், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி லைனுக்கும் நியூட்ரலுக்கும் ஓட வேண்டும். அவற்றோடு பச்சை நிற எர்த் கம்பியும் அதே குழாயில் வர வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் போதும் என்று சிலர் கூறுவர். கணக்கின்படி போதும்தான். ஆயினும் சுவரை ஒருமுறை உடைத்துப் பூசிய பிறகு மறுமுறை உடைக்க யாருக்கும் மனம் வராது. கம்பியின் விலை வேறுபாடு கூலியை நோக்கச் சிறிது. நாங்கள் நான்கையே இட்டோம்.

முனையில் 16 ஆம்பியர் சாக்கெட். தலைப்பில் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று எம்.சி.பி.யை 32 ஆம்பியராக மாற்றும் வழக்கம் உண்டு. அது கணக்கு ஒத்துவரவில்லையென்று பேரேட்டையே கிழிப்பதற்கு ஒப்பாகும். எம்.சி.பி.யோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வேண்டும். மனித உடலின் வழியே மின்சாரம் கசியும்போது உயிர் காப்பது இதுவே. மிகைச்சுமையைத் தடுப்பது அதன் வேலையன்று. ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டா என்பது தவறு. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிடில் அது இருந்தும் இல்லாததே.

பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பி.வி.சி. கம்பிக்கு ஐ.எஸ். 694, பிளக் சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293. வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படையுங்கள்; அவருடைய உரிம எண் இல்லாத ரசீதை ஏற்காதீர்கள். டிரையரை நீட்டிப்புப் பலகையிலோ, பதினாறை ஆறாக மாற்றும் சிறு பிளக்கிலோ ஒருபோதும் இணைக்கலாகாது.

அமெரிக்காவிலிருந்து திரும்பும் மகனோ மகளோ வீட்டுச் சாமான்களோடு டிரையரையும் அனுப்பிவைப்பதுண்டு. அந்நாட்டு மின் டிரையர்கள் இரண்டு லைன் கம்பிகளுக்கிடையே கிடைக்கும் 240 வோல்ட்டில், 30 ஆம்பியர் இணைப்புக்கென, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு அமைந்தவை. நமது 50 ஹெர்ட்ஸில் மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதற்காக வீட்டுக் கம்பியை மாற்றுவது வீண் செலவு. இங்கேயே ஒன்று வாங்குவது மலிவு.

மீட்டருக்கு அப்பால்

பெட்டிவரை சரி செய்துவிட்டால் போதாது. உங்கள் மின்கட்டண ரசீதில் ஒப்புதல் பெற்ற சுமை என்று ஒரு கிலோவாட் எண் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, மழைக்கால மாலை ஒன்றில் ஒருசேர ஓடக்கூடியவற்றைக் கூட்டுங்கள். ஓர் ஏ.சி. 1,600, கீசர் 2,000, டிரையர் 2,500, இஸ்திரி 1,000, குளிர்பதனப் பெட்டி, விளக்கு, விசிறி முதலியன 500. மொத்தம் 7,600 வாட், 33 ஆம்பியர். ரசீதில் உள்ள எண் இதனினும் குறைவெனில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாட்டுங்காவும் தாராவியும் பெஸ்ட் எல்லைக்குள் வருபவை. செம்பூரில் அதானி எலெக்ட்ரிசிட்டி அல்லது டாடா பவர். உங்கள் ரசீது யாருடையதோ அவரிடம் விண்ணப்பியுங்கள்.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் மீட்டர் அறையிலிருந்து மாடிக்கு ஏறும் கம்பியையும் கவனிக்க வேண்டும். அது சங்கத்தின் பொறுப்பு. ஒரு வீட்டார் மட்டும் தம் கம்பியைத் தடிப்பாக்கிக்கொண்டு, கீழிருந்து வரும் கம்பி அப்படியே இருந்தால் சூடு இடம் மாறுமேயன்றி நீங்காது. சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினால், "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்னும் மறுமொழி நிச்சயம் வரும். எங்கள் சங்கத்தில் அம்மறுமொழியைக் கடக்க இரண்டு பொதுக்குழுக்கள் பிடித்தன. உருகிய சாக்கெட்டை மேசைமேல் வைத்த பிறகே தீர்மானம் நிறைவேறியது.

மாதச் செலவையும் முன்கூட்டியே கணியுங்கள். 2,500 வாட் டிரையர் ஒன்றரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓடினால் 3.75 யூனிட். நாள்தோறும் ஒருமுறை எனில் மாதத்திற்கு 112 யூனிட். மும்பையில் வீட்டுக் கட்டணம் 100, 300, 500 யூனிட் என்னும் படிகளில் ஏறுகிறது. 250 யூனிட்டில் இருந்த குடும்பம் 362க்குச் சென்று, அடுத்த படியின் விலையைக் கொடுக்க நேரும்.

இந்த இரு கணக்குகளும் இடிக்கும் வீடுகளுக்கு ஹீட் பம்ப் வகை டிரையர் தக்கது. வெப்பத்தை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அது பெரும்பாலும் 1,000 வாட்டுக்குள் அடங்கும், மின்சாரமும் பாதியளவே. விலை கூடுதல், உலர நேரமும் கூடுதல். சுவரை உடைக்க வீட்டுக்காரரின் இசைவு கிடைக்காத பகடிக் குடியிருப்பினர் இதையே முதலில் கருதிப் பார்க்கலாம். அதற்கும் எர்த் இல்லாமல் முடியாது.

தாராவி வாடிக்கையாளர்களுக்கு

பத்துக்குப் பத்து அறையும் மேலே பரணும் உள்ள வீட்டில் டிரையர் வைக்கப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. எங்களிடம் வருவோர் லாண்டரி தொழிலுக்காக முத்ரா கடன் கேட்கின்றனர். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கிஷோர் பிரிவில் அதற்கு இடமுண்டு. ஆனால் திட்ட அறிக்கையில் மின் இணைப்பின் செலவு பெரும்பாலும் விடுபட்டிருக்கும். தொழில் அளவிலான பெரிய டிரையர்கள் பலவற்றுக்கு மூன்று பேஸ் இணைப்பு தேவை. வீட்டு மீட்டரிலிருந்தோ அண்டை வீட்டு மீட்டரிலிருந்தோ கம்பி இழுத்துத் தொழில் நடத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தின் இருமடங்கு விதிக்கப்படலாம். ஓராண்டு இலாபம் ஒரே ரசீதில் போய்விடும்.

அதைவிடப் பெரிது உயிர். சந்தின் குறுக்கே தொங்கும் கம்பியின் உறை தேய்ந்து தகரக் கூரையையோ இரும்பு ஏணியையோ தொட்டால், மழையில் அந்தச் சுவரே மின்சாரம் பாயும் பொருளாகிவிடும். 2024 அக்டோபர் 6 அதிகாலையில் செம்பூர் சித்தார்த் காலனியில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் பற்றிய தீ, மாடியில் உறங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தின் ஏழு பேரைக் கொண்டுபோயிற்று. கீழே இயந்திரமும் மேலே உறக்கமுமாக வாழும் குடும்பங்கள் தாராவியில் ஆயிரக்கணக்கானவை. இரவில் டிரையரை ஓடவிட்டு மேலேறிப் படுக்காதீர்கள் என்று இவர்களை நாங்கள் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். டிரையரின் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் துடைப்பதும் அவசியம். உலர்ந்த பஞ்சு எளிதில் பற்றும்.

கடனும் காப்பீடும்

டிரையருக்கு விலைப்புள்ளி வாங்கும் அன்றே மின் ஒப்பந்தக்காரரிடமும் எழுத்து வடிவில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து மாதத் தவணையைக் கணக்கிட்டு, அது உங்கள் வருவாய்க்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிடில் சிறிய இயந்திரம் வாங்குங்கள். கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள். வீடு முழுவதும் கம்பி மாற்றுவதாயின் நுகர்பொருள் கடனைவிட வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஏற்றதாக இருக்கக்கூடும். கிளையில் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி வீட்டையும் பொருள்களையும் தீயிலிருந்து காக்கிறது. எனினும் மிகைச்சுமையாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ தானே கெட்டுப்போன கருவிக்கு மட்டும் ஈடு இல்லை. அதிலிருந்து பரவிய தீயால் அழிந்த ஏனைய பொருள்களுக்கு உண்டு. ஒப்பந்தக்காரரின் ரசீது, கூடுதல் சுமைக்கான ஒப்புதல் கடிதம், சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகலை பாலிசியோடு சேர்த்து வைத்திருங்கள்.

வேலை முடிந்து டிரையரை முதன்முறை ஓட்டும் நாளில், அரைமணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. கை வைத்துப் பொறுக்க இயலாத சூடு எனில், அன்றைய துணியைக் கொடியில் போட்டுவிட்டு வயர்மேனை மீண்டும் அழையுங்கள்.